நூற்றுப்பத்து கிராம்

வட்டு இருந்த தட்டு மேலே போய் நின்றுகொண்டது. ஒரு கிலோ கல் இருந்த தட்டு இறங்கி மேசையைத் தொட்டது.

ரோசரி அதைத் தராசின் குற்றம் என்றுதான் முதலில் நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்? மைதானத்துக்கு எதிரே இருந்த மளிகைக் கடையிலிருந்து அரை மணி நேரத்துக்கு முன்புதான் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு தட்டில் துவரம்பருப்புத் தூசிகூட இன்னும் போகவில்லை. சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை, அதுவும் விளையாட்டுக்காரர்களுக்கென்று ஒதுக்கிய ஒரே ஒரு வேலை. அதற்காக ஆறு பெண்கள் மே மாத வெயிலில் வந்து நிற்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த வட்டுகளை நிறுத்துப் பார்க்கப் பருப்புத் தராசு! இந்த லட்சணத்தில் செலக்‌ஷன் ட்ரையல் என்று கார்டு போட்டுக் கூப்பிட்டிருந்தார்கள்.

“மாஸ்டர், தராசு சரியில்லைங்க” என்றாள்.

தைரியராஜ் மாஸ்டர் குனிந்து தராசு முள்ளைப் பார்த்தார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். ஆபீஸ்காரர்களுக்கு வட்டெறிதலில் தலையும் தெரியாது வாலும் தெரியாது என்பதால் அவரைக் கூப்பிட்டு நடத்தித் தரச் சொல்லியிருந்தார்கள். அவர் வட்டையும் கல்லையும் தட்டு மாற்றி வைத்தார். எந்தப் பக்கம் வைத்தாலும் மேலே போனது வட்டுதான். பிறகு வட்டின் மேல் ஒரு நூறு கிராம் கல்லை வைத்தார். முள் ஆடி, கொஞ்சம் சாய்ந்து நின்றது. பத்து கிராம் கல்லைத் தேடி எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். முள் நேரானது.

“நூத்திப்பத்து கிராம் கொறையுதும்மா. பொம்பளைங்க டிஸ்க்கு ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் கொறைஞ்சாலும் செல்லாது. இத வச்சு நீ எறிய முடியாது.”

இருட்டில் மாடிப்படி இறங்கும்போது, இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நம்பிக் கால் வைத்து அங்கே படி இல்லாமல் போனால் தடுமாறுவோமே, ரோசரிக்கு அப்படி இருந்தது. நாலு வருஷமாக அவள் எறிந்துகொண்டிருக்கிற வட்டு. கண்ணைக் கட்டி நூறு வட்டுகளுக்கு நடுவே போட்டாலும் விரலால் தடவி இதுதான் என்று எடுத்துவிடுவாள். விளிம்பில் எந்த இடத்தில் இரும்பு நெளிந்திருக்கிறது, எந்த இடத்தில் மரத்தின் வார்னிஷ் போயிருக்கிறது என்பதெல்லாம் அவள் கைக்கு மனப்பாடம். அந்தக் கைக்கு நூற்றுப்பத்து கிராம் தெரியவில்லை. அரைப்படி அரிசியில் ஒரு பிடி குறைந்தால் கண்டுபிடித்துவிடுகிற கை இது.

“நாலு வருஷமா இதத்தாங்க எறியறேன்” என்றாள். அதைச் சொன்னால் வட்டின் எடை கூடிவிடும் என்பது போல.

“அப்ப நாலு வருஷமா நீ எறிஞ்ச தூரம் எல்லாம் கணக்குல இல்ல” என்றார் மாஸ்டர். கோபமாகச் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படிக்கிற டாக்டர் மாதிரி சொன்னார்.

அவளுக்கு அடுத்த மாதம் பதினாறாம் தேதி இருபத்தைந்து முடிகிறது. அதோடு இந்த வகை வேலைகளுக்கு வயது வரம்பும் முடிகிறது. டைப்பிங் பரீட்சை இரண்டு தடவை போய்விட்டது. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் லீவு போட்ட டீச்சர்களின் இடத்தில் மாதம் இருபது நாள் நிற்கிறாள். அவர்கள் திரும்பி வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியது. அப்பா இறந்த பிறகு, அவளிடம் இருந்த ஒரே சொத்து முப்பத்தைந்து மீட்டர். திருச்சியில் முப்பத்தைந்து மீட்டர் வட்டெறிகிற பெண் வேறு யாரும் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அவளும் நம்பியிருந்தாள்.

அந்த வட்டைப் பெரிய கடைவீதியில் வாங்கியது எழுபத்தைந்தாம் வருஷம். பள்ளிப்படிப்பு முடிந்து மூன்று வருஷம் வீட்டில் இருந்துவிட்டுக் காலேஜில் சேர்ந்த முதல் ஆண்டு. அப்பா சகாயநாதன் தபால் ஆபீசில் சார்ட்டர். கடிதங்களைப் பார்த்தவுடனே ஊர் பிரிக்கிறவர். வட்டையும் அப்படிப் பார்த்தவுடனே எடுத்துவிடலாம் என்று நினைத்துக் கடைக்காரர் பலகையில் வைத்த மூன்றையும் கத்தரிக்காய் மாதிரி சுண்டிப் பார்த்தார். கூட வந்திருந்த மாரியாயிதான் அவர் கையிலிருந்து பணிவாக வாங்கிக்கொண்டாள். மாரியாயி உப்பிலியபுரத்துப் பெண், ஹாஸ்டலில் இருந்தாள். ரோசரியைவிட ஒரு சாண் உயரம். இரண்டு பேரும் ஒரே காலேஜுக்கு வட்டெறிந்தார்கள். ஆனால் வட்டைப் பற்றி யோசிக்கிறவள் மாரியாயி மட்டும்தான். ரோசரி எறிவதோடு சரி.

மாரியாயி ஒவ்வொரு வட்டையும் விரல்களின் முதல் கணுவில் தொங்கவிட்டுக் கையை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். எத்தனை ஆட்டத்தில் கை தளர்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். “இது நடுவுல கனம்” என்று முதல் வட்டை ஒதுக்கினாள். “சொன்னபடி கேக்கும், ஆனா சீக்கிரம் கீழ விழுந்துரும். இது வழுக்குது. இந்தா, இதுதான் ஒனக்கு. ஓரத்துல கனம். சரியா விட்டா நின்னு சுத்திக்கிட்டே போவும். தப்பா விட்டா கோணிக்கும். நீ சரியா விடுவ.” அவளுக்கு வட்டு வாங்கித் தர யாரும் இல்லை. அவளுக்கு அப்போது காலேஜ் வட்டுதான். இருந்தும் மூன்றில் நல்லதை எடுத்து ரோசரி கையில் வைத்தாள். அப்பா வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ‘அந்தப் புள்ள கண்ண மூடிக்கிட்டு மந்திரம் மாதிரி என்னமோ சொல்லி டக்குனு எடுத்துச்சு பாரு வியாகுலம்’ என்பார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் ஸ்ரீரங்கம் பஸ் பிடித்துக் கொள்ளிடத்து மணலுக்குப் போவார்கள். மணலில் விழுந்தால் வட்டு அடிபடாது. மொட்டைக் கோபுரம் முதுகுக்குப் பின்னால் நிற்க, ஆள் மாற்றி ஆள் எறிந்துவிட்டு, மதியம் பாலக்கரை வீட்டில் அம்மா கையால் சோறு. மாரியாயிக்கு என்று அம்மா மீன் தலையை எடுத்து வைப்பாள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் இப்படி நடந்தது. பிறகு ஒரு நாள் மாரியாயி வருவதை நிறுத்திவிட்டாள்.

மாரியாயி இன்றைக்கு இந்த மைதானத்தில்தான் இருந்தாள். ஆறு பேரில் அவளும் ஒருத்தி. வந்ததிலிருந்து ரோசரி பக்கம் திரும்பவில்லை. ரோசரியும் திரும்பவில்லை. மாரியாயி கொண்டுவந்திருந்த வட்டைத் தராசு ஏற்றுக்கொண்டிருந்தது. ஆயிரத்து ஐந்து கிராம்.

“உள்ள எடை வச்சிருப்பாங்க, அது விழுந்திருக்கும்” என்று மாஸ்டர் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வரவழைத்தார். நல்ல மனிதர். ஈயத்துண்டு எதையாவது திணித்துச் சரிசெய்து கொடுக்க முடியுமா என்று பார்த்தார். வட்டின் நடுவில் இருந்த பித்தளை மூடியின் மூன்று ஆணிகளைத் திருகி எடுத்து, மூடியை நெம்பினார். உள்ளே வட்டமான பள்ளம். அந்தப் பள்ளம் நிறைய வெள்ளையாக என்னமோ இறுகியிருந்தது. மாஸ்டர் நகத்தால் சுரண்டி மூக்கருகில் கொண்டுபோனார்.

“மெழுகுவர்த்தி” என்றார்.

மெழுகுக்கு நடுவில் பொட்டு அளவு ஏதோ மின்னியது. மாஸ்டர் அதை முழுதாகத் தோண்டவில்லை. பாதி தெரிந்ததுமே அவருக்கும் புரிந்துவிட்டது, அவரும் கோயிலுக்குப் போகிறவர்தான். மாதா மெடல். வேளாங்கண்ணியில் கடைக்குக் கடை அட்டையில் குத்தி விற்கிறார்களே, அது.

ரோசரி மெழுகைப் பார்த்தாள். பிறகு திரும்பி, மைதானத்து ஓரத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு செபமாலை உருட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். வட்டை அப்படியே திறந்தபடி எடுத்துக்கொண்டு போய் அம்மா முன்னால் நீட்டினாள்.

“என்னம்மா இது?”

வியாகுலம்மாள் பதறினாள். ஆனால் அது அகப்பட்டுக்கொண்டவளின் பதற்றமாக இல்லை. “சேசு மரி சூசையே! அத ஏன்டி தொறந்தாங்க? மந்திரிச்ச மெழுகுடி அது!”

“இதுக்குள்ள முன்னாடி இருந்தது எங்க?”

“காவேரியில.”

அப்புறம் அம்மா சொன்னாள். இரண்டு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததை இறக்கி வைக்கிறவள் போலக் கோர்வையாக, கொஞ்சம் பெருமையோடுகூடச் சொன்னாள். எழுபத்தேழு ஜூலையில் அப்பா தபால் ஆபீசிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அம்மா தண்ணீரோடு வருவதற்குள் போய்விட்டார். நோய் இல்லை, நொடி இல்லை. முப்பதாம் நாள் பூசைக்காக வீட்டைக் கழுவிவிடும்போது கட்டிலுக்கு அடியில் கிடந்த வட்டை அம்மா இழுத்தாள். அது கடகட என்றது. உள்ளே ஏதோ ஆடுகிறது. தையல் மிஷின் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவளே திறந்தாள். உள்ளே வட்டமாக ஒரு தகடு. கறுத்த ஈயத் தகடு. அதன் மேல் ஆணியால் கீறிய எழுத்து. தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று வருஷம் தவறாமல் சொல்லிக்கொடுக்கிற டீச்சர்தான் வியாகுலம்மாள். ஆனால் புருஷன் செத்த கட்டிலுக்கு அடியில் எழுத்துக் கீறிய தகடு கிடைத்தால் டீச்சர் என்ன, யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் ஆடித்தான் போவார்கள். அம்மா ஒரு நிமிஷத்தோடு நிற்கவில்லை. பங்குச் சாமியாரிடம் சொன்னால் திட்டுவார் என்று சொல்லவில்லை. மகளிடம் சொன்னால் பயந்துவிடுவாள் என்று சொல்லவில்லை. தகட்டை வெள்ளைத் துணியில் முடிந்து, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறி, பாலத்தின் நடுவில் வைத்து ஜன்னல் வழியாகக் காவேரியில் போட்டாள். அடுத்த மாதம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போய்க் கொடியிறக்கிய பிறகு மெழுகு வாங்கிவந்து உருக்கி அந்தக் குழியில் ஊற்றி, மெடலைப் பதித்து மூடினாள்.

“அதுக்கப்பறந்தானே நீ அந்த எறி எறிஞ்ச” என்றாள் அம்மா. “அதுக்கு முன்னாடி முப்பத்தொண்ணு தாண்டினியா நீ? சொல்லு.”

உண்மை. தாண்டவில்லை. முப்பத்தொன்றிலேயே இரண்டு வருஷம் முட்டிக்கொண்டு நின்றவள், அப்பா போன துக்கம் ஆறி மறுபடி வட்டைத் தொட்ட முதல் நாளே முப்பத்து நாலுக்கு எறிந்தாள். அது அப்பாவின் ஆசீர்வாதம் என்று அவள் அன்றைக்கு மணலில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு மாதம் தொடாமல் இருந்த கை அந்த வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிக்கும்? கை சொல்லியிருந்தாலும் மனசு கேட்டிருக்காது. ஆசீர்வாதம் இவ்வளவுதான், நூற்றுப்பத்து கிராம்.

“அம்மா, அது எடைக்கு வைக்கிற ஈயம்மா. கம்பெனிக்காரன் வச்சது. பஞ்சாப்ல செய்யறாங்க, அவங்க எழுத்துல என்னமோ நம்பர் கீறியிருப்பாங்க.”

“எடைக்கு வைக்கிறவன் அத எதுக்குடி மூடி மறைச்சு வைக்கிறான்?”

ரோசரிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்த முடியவில்லை. அம்மாவின் முகத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டாள். அது வெறும் எடை ஈயம் என்றால், அப்பா எதனால் செத்தார் என்பதற்கு அம்மாவிடம் ஒரு காரணமும் மிச்சமிருக்காது. இரண்டு வருஷமாக அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா விடிகாலையில் எழுந்திருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், சோறு வடிக்கிறாள்.

பிறகுதான் ரோசரிக்கு அடுத்த கேள்வி தோன்றியது.

“யாரு வச்சான்னு நெனச்ச?”

அம்மாவின் கண் மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போயிற்று. அங்கே மாரியாயி தனியாக நின்று தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

“அம்மா!”

“அவதானே எடுத்துக் குடுத்தா. கண்ண மூடிக்கிட்டு மந்திரம் சொன்னான்னு ஒங்கப்பா வாயாலயே சொன்னாரு. பச்சமல அடிவாரத்துப் பொண்ணு, அங்கெல்லாம் என்னென்னமோ செய்வாங்கன்னு நாலு பேர் சொல்லல? நீ அவள விட நல்லா வந்துருவேன்னு...”

“அவகிட்ட போயிக் கேட்டியா?”

“கேக்கல. ஹாஸ்டல் கேட்டுல நிக்க வச்சு சொல்லிட்டேன். ஒன் தகடு என் தாலிய அறுத்துருச்சு, இனிமே எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னு.”

ரோசரி மரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்கு மாரியாயி வரவில்லை என்று அவளுக்கு எவ்வளவு கோபம் வந்தது! மூன்று ஞாயிறு காத்திருந்தாள். பிறகு காலேஜ் மைதானத்தில் பார்த்தபோது மாரியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். சரிதான், நம் எறி கூடியது பிடிக்கவில்லை, பொறாமை என்று ரோசரி முடிவுகட்டினாள். பேச்சு நின்றது. போன வருஷம் மாவட்டப் போட்டியில் ரோசரி முதலாவது. நாற்பது சென்டிமீட்டர் வித்தியாசத்தில் மாரியாயி இரண்டாவது. அங்கே வட்டை யாரும் நிறுக்கவில்லை, கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். பரிசு வாங்கும்போது மாரியாயி பக்கம் திரும்பி ரோசரி ஒரு சிரிப்புச் சிரித்தாள். வேண்டுமென்றே சிரித்த சிரிப்பு. இந்த நிமிஷம் அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்தச் சர்ட்டிபிகேட்டை வைத்துத்தான் இன்றைக்கு இந்த மைதானத்துக்குள் வந்திருக்கிறாள்.

மாஸ்டர் விசிலடித்தார்.

ஆளுக்கு மூன்று எறி. சொந்த வட்டு இல்லாதவர்களுக்காக ஒரு பெட்டியில் மூன்று வட்டுகள் வைத்திருந்தார்கள். ஒன்று ரப்பர். ஒன்று புதிது, வார்னிஷ் பளபளத்து விரலில் நிற்கவே மாட்டேன் என்றது. மூன்றாவது பழசு, விளிம்பு உள்ளே போய்ப் பல் விழுந்த வாய்போல இருந்தது. ரோசரி ஒவ்வொன்றாக எடுத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள். நாலு வருஷத்துக்கு முன் கடையில் மாரியாயி செய்ததை நினைவுக்குக் கொண்டுவந்து விரல் கணுவில் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்தாள். அவள் கைக்கு மூன்றும் ஒன்றாகவே தெரிந்தன, மூன்றும் கல்லாகக் கனத்தன. புதியதை எடுத்தாள். அது கையை விட்டு நழுவி, கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. இரண்டாவதுக்குப் பழையதை எடுத்தாள். பயந்து பயந்து விட்டதில் முப்பது மீட்டர் அறுபத்தைந்து.

மாரியாயியின் இரண்டாவது எறி முப்பத்து மூன்று மீட்டர் இருபது. மற்ற நால்வரும் இருபத்தெட்டைத் தாண்டவில்லை. வேலை மாரியாயிக்கு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆபீஸ்காரர் ஒருவர் அவளுடைய பேரை எப்படி எழுதுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மாரியாயி தன் மூன்றாவதையும் எறிந்துவிட்டு வட்டைப் பொறுக்கிக்கொண்டு நேராக ரோசரியிடம் வந்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு பக்கத்தில் பார்க்கிறாள். மோவாயில் புதிதாக ஒரு தழும்பு இருந்தது. எப்போது விழுந்தாள், எங்கே விழுந்தாள், ஒன்றும் தெரியாது.

“இத எடுத்துக்க” என்று வட்டை நீட்டினாள். “பெட்டியில இருக்கறதெல்லாம் நடுவுல கனம், ஒனக்கு ஆவாது. இது ஓரத்துல கனம். நெறுத்துப் பார்த்து உள்ள வந்த டிஸ்க்க யார் வேணாலும் எறியலாம், ரூல்தான், மாஸ்டர்கிட்ட கேட்டுட்டேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல மாரி?”

மாரியாயி உள்ளங்கை மண்ணைத் தாவணித் தலைப்பில் துடைத்தாள்.

“என்னான்னு சொல்றது? ஒங்கப்பாவ நான் கொன்னுட்டேன்னு ஒங்கம்மா சொல்றாங்கன்னா? அத நான் வாயால சொல்லி, நீயும் ஒரு நிமிசம் அப்பிடியான்னு பார்த்துட்டீன்னா? அதுக்கு நீ என்னைய பொறாமக்காரின்னு நெனச்சுக்கறதே தேவலன்னு இருந்துட்டேன்.”

ரோசரிக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எதற்கு முதலில் கேட்பது என்று தெரியவில்லை. மாஸ்டர் அவள் பேரைக் கூப்பிட்டுக் கையிலிருந்த கடிகாரத்தை அமுக்கினார்.

“கடைசி எறி. ஒண்ணரை நிமிஷம்.”

அவள் வட்டை வாங்கிக்கொண்டாள். வாங்கியவுடனே கைக்குத் தெரிந்துவிட்டது. கனம்தான், ஆனால் இந்தக் கனம் ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுத்தவில்லை, விளிம்பு முழுதும் பரவி விரலோடு ஓடியது. கையை ஒரு தரம் ஆட்டினாள். தோள் தானாகத் திறந்தது. முப்பத்து மூன்று இருபதைத் தாண்டலாம். தாண்ட முடியாமலும் போகலாம். ஆனால் இதை வைத்துக்கொண்டு தாண்டலாம் என்று அவள் கை சொன்னது, இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. வளையத்துக்குள் போய் முதுகைத் திருப்பி நின்றாள். கால்களை அகட்டினாள். யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

அம்மா மைதானத்துக்குள் ஓடிவந்துகொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயதுக்கு அம்மா அப்படி ஓடுவாள் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. வட்டு விழ வேண்டிய இடத்துக்கென்று சுண்ணாம்பால் போட்டிருந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில், முப்பது மீட்டர் தூரத்தில் வந்து நின்று கையை விரித்தாள்.

“அதத் தொடாதடி! கீழ போடு! ஒரு ஆள வாங்குனது போதாதா? வேல வேணாம், ஒண்ணும் வேணாம், கீழ போடுடி!”

மைதானமே திரும்பிப் பார்த்தது. “யாரும்மா அது, வெளிய வாங்க!” என்று மாஸ்டர் கத்தினார். அம்மா அசையவில்லை. வேறு ஒரு பெண்ணின் அப்பா எழுந்து, “அந்தப் பொண்ணோட ஆளுதான் சார் உள்ள நிக்கிறது, அதுக்கு டயம் நிறுத்துவீங்களா? எங்க பொண்ணுக்கு நிறுத்துவீங்களா?” என்று சட்டம் பேசினார். மாஸ்டர் தடுமாறினார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது விநாடி போயிருந்தது. ரோசரி வட்டோடு வளையத்துக்குள் நின்றாள். அதற்கு முன்னால் நடந்தது எல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி அவளுக்குத் திகைப்பாக இருந்தது. தன்னைப் பெற்றவள், தன் வேலைக்கும் தனக்கும் நடுவே, தன்னைக் காப்பாற்றுவதற்காக வந்து நிற்கிறாள். வெளியே போய் இழுத்துவந்தால் எறி போயிற்று, வளையத்தை விட்டு இறங்கியதாகிவிடும். வட்டைக் கீழே போட்டாலும் எறி போயிற்று. எறிந்தாலோ?

மாரியாயி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இதை ரோசரி தெளிவாகப் பார்த்தாள். இன்னும் ஐம்பது விநாடி கையைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றால் போதும், வேலை அவளுடையது. ஹாஸ்டல் கேட்டில் கேட்ட வார்த்தைகளுக்கெல்லாம் அம்மாவே வந்து வட்டியும் முதலுமாகக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

மாரியாயி கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தாள். ஓடவில்லை, ஓடினால் அம்மா இன்னும் பயந்துவிடுவாள் என்பதுபோல மெதுவாகப் போனாள். அவள் நெருங்க நெருங்க அம்மா ஒரு அடி பின்னால் வைத்தாள். கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்த செபமாலையைப் பிடித்துக்கொண்டாள். மாரியாயி நாலு அடி தள்ளி நின்று ஏதோ சொன்னாள். ரோசரிக்குக் கேட்கவில்லை. அம்மா தலையை ஆட்டினாள். மாரியாயி மறுபடி சொன்னாள். அம்மா அழுவது தோளின் குலுங்கலில் தெரிந்தது. அப்பா அடக்கத்தன்றுகூட அம்மா இப்படி, நாலு பேர் பார்க்க, வாயைத் திறந்து அழவில்லை.

“இன்னும் முப்பது விநாடி” என்றார் மாஸ்டர். அவர் குரல் இறங்கிவிட்டிருந்தது.

வெயில் நேரே தலைக்கு மேல் வந்து, சுண்ணாம்புக் கோடுகள் கண்ணைக் குத்தின. மாரியாயி வலது கையை நீட்டினாள், உள்ளங்கை மேலே தெரிகிற மாதிரி, அதில் ஒன்றும் இல்லை என்று காட்டுகிறவள்போல. அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். செபமாலையை விட்டுவிட்டு அவளுடைய கை கொஞ்சம் எழுந்தது, நின்றது, மறுபடி எழுந்தது. இரண்டு கைகளுக்கும் நடுவே இன்னும் ஒரு சாண் இருந்தது.